வழியனுப்பு மையம்

டயரில் காற்று சரி. மின்கலச் சூடு சரி. சங்கிலி சரி. முன்விளக்கு சரி. தலைக்கவசக் கொக்கி சரி. பிரேக் பரவாயில்லை.

கைப்பிடிக்கு நடுவில் இருந்த சின்னத் திரையில் ஆறு வரிகளும் ஓடி முடிந்தன. ஏழாவது வரி வந்து அப்படியே நின்றது: 'யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.'

சக்கரப் பூட்டு திறக்கவில்லை. மார்கரெட் தலைக்கவசத்துக்குள் விரலை விட்டுக் காதோரம் சொறிந்துகொண்டாள்.

"தோ, சொல்றேன் இரு. இன்னா அவசரம் உனுக்கு" என்று வண்டியிடம் சொல்லிவிட்டு, திரையில் காது படம் போட்டிருந்த இடத்தை அழுத்தினாள்.

அவள் வியாசர்பாடியில் அழுத்தியது, அம்பத்தூரில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்திருந்த தில்லைக்கரசியின் காதில் மணியாக ஒலித்தது.

"போய்ட்டு வரேன் கண்ணு."

"பாத்துப் போயிட்டு வாங்கக்கா."

பச்சை விளக்கு எரிந்தது. பூட்டு விலகியது. பின்னால் கட்டியிருந்த சாப்பாட்டு அடுக்குகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ள, மார்கரெட் தெருமுனையில் திரும்பி மறைந்தாள்.

சாலையில் கார்களைவிட மின்மிதிவண்டிகள் அதிகமாகிவிட்ட காலம் அது. அதிகமானதும் விழுகிறவர்களும் அதிகமானார்கள். அதனால் எல்லா வண்டியிலும் ஒரு முன்சோதி இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. புறப்படும் முன்பு வண்டியைச் சோதித்து, சரியாக இருந்தால் மட்டும் பூட்டைத் திறந்துவிடும் கருவி. ஓட்டுகிறவர்கள் அதை வார்டன் என்றார்கள். விடுதியில் தங்கிப் படித்தவர்களுக்கு அந்தப் பேரின் பொருத்தம் புரியும். நம்முடைய நல்லதுக்காக வாசலை மறித்துக்கொண்டு நிற்கிற ஆள்.

முன்சோதிக்கு யாரும் விதிகளைச் சொல்லிக்கொடுக்கவில்லை. கோடிக்கணக்கான பயணங்களை அதன் முன்னால் கொட்டி, இது பத்திரமாக முடிந்தது, இது விழுந்தது என்று மட்டும் காட்டினார்கள். எதை வைத்து முன்கூட்டியே சொல்லலாம் என்று அதுவாகவே தேடிக்கொண்டது. காற்று, சூடு, பிரேக் எல்லாம் எதிர்பார்த்ததுதான். சங்கிலியின் சத்தத்தைக் கேட்பதற்காகக் கைப்பிடியில் ஓர் ஒலிவாங்கி வைத்திருந்தார்கள். அது சங்கிலியை மட்டும் கேட்கவில்லை.

'போயிட்டு வரேன்' என்று ஒருவர் சொல்லி, அதற்கு இன்னொருவர் பதிலும் சொன்ன பயணங்கள் மிக மிகக் குறைவாகவே விழுந்தன. முன்சோதி கண்டுபிடித்தது இதைத்தான். பொறியாளர்கள் முதலில் சிரித்தார்கள். பிழை என்று நினைத்து அதை நீக்கினார்கள். நீக்கியதும் கருவியின் கணிப்பு தப்பத் தொடங்கியது. திரும்பச் சேர்த்தார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து, அதை ஏழாம் சோதனை ஆக்கிவிட்டுப் போயின.

ஏன் என்று முன்சோதி சொல்லவில்லை. அதற்கு ஏன் என்று ஒன்று கிடையாது. எது எதோடு சேர்ந்து வருகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். வீட்டில் ஒரு ஆள் காத்திருந்தால் திருப்பத்தில் மெதுவாகப் போகத் தோன்றும் என்று தொலைக்காட்சியில் உளவியலாளர்கள் உருகினார்கள். தில்லைக்கரசிக்கு வேறு கருத்து இருந்தது. பதில் சொல்ல ஆள் இருக்கிறவனுக்கு வீடு என்று ஒன்று இருக்கிறது. வீடு இருக்கிறவன் இரண்டு கம்பெனிக்கு மாறிமாறி வண்டி ஓட்டுவதில்லை. தூங்கி எழுந்து வருகிறான், விழாமல் போகிறான். அவ்வளவுதான். ஆனால் ஓட்டுகிறவர்களைத் தூங்கவிடுவதைவிட, பதில் சொல்ல ஆள் வைப்பது மலிவு.

குடும்பம் இருக்கிற இடங்களில் ஏழாம் சோதனை வேடிக்கையாகத்தான் இருந்தது. ராத்திரி சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியவர்கள் காலையில் பேசியே ஆக வேண்டியிருந்தது. சமையலறையிலிருந்து ஒரு "போய்த் தொலை" வந்தாலும் வார்டன் ஏற்றுக்கொண்டது. கணக்குப்படி அந்த வார்த்தைக்கும் காக்கும் சக்தி இருந்தது. யாருமில்லாதவர்கள்தான் திண்டாடினார்கள். அறைக்கு எட்டுப் பேராகத் தங்கி ஆளுக்கொரு நேரம் கிளம்பும் வடநாட்டுப் பையன்கள், புருஷனை இழந்தவர்கள், வீட்டை விட்டு வந்தவர்கள். டீக்கடையில் நின்று மாஸ்டரிடம் சொல்லிப் பார்த்தார்கள். அவர் ஆற்றிக்கொண்டே பொதுவாக "எல்லாரும் போய்ட்டு வாங்கப்பா" என்றார். வார்டன் அதற்குச் சிவப்புக் காட்டியது. பதிவு செய்த குரலையும் அது கண்டுபிடித்துவிட்டது. ஒரு ஆள், இன்னொரு ஆளுக்கு, அந்த நேரத்தில் சொல்ல வேண்டும்.

அதற்காகத்தான் நாரை மிதிவண்டி நிறுவனம் வழியனுப்பு மையத்தைத் திறந்தது. நூற்றுக்கணக்கான பெண்கள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, விடியற்காலையிலிருந்து "பாத்துப் போயிட்டு வாங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்த வேலைக்கு வழியனுப்புநர் என்று பெயர்.

தில்லைக்கரசி அந்த வேலைக்கு விண்ணப்பிக்கவில்லை. சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்து, நல விடுதியின் புழு நெளிகிற சோற்றைத் தின்று, புள்ளியியலில் பட்டம் வாங்கியவள். அவள் குடும்பத்தில் முதல் பட்டம். நாரையின் கணக்கீட்டுப் பிரிவுக்குத்தான் கேட்டுப் போனாள். நேர்காணலில் அவளைக் கொஞ்ச நேரம் பேசவிட்டுக் கேட்டுவிட்டு, "உங்க வாய்ஸ்ல ஒரு வீட்டு வாசனை இருக்கு" என்றார்கள். கணக்கீட்டுக்கு ஆங்கிலம் வாசனையடிக்கிற பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். அம்மா வாசலில் நின்று சம்பளமில்லாமல் சொன்னதை, மகள் பட்டம் வாங்கிக்கொண்டு வந்து சம்பளத்துக்குச் சொன்னாள்.

ஆரம்பத்தில் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தோடு சொன்னாலும் பச்சை எரிந்தது. அது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

ஓர் ஓட்டுநருக்கு எப்போதும் ஒரே குரல் பதில் சொன்னால் விபத்து இன்னும் குறைகிறது என்று முன்சோதி பிற்பாடு கண்டுபிடித்தது. அதனால் அவளுக்கென்று ஒரு கூட்டம் அமைந்தது. அவர்களுடைய முகம் தெரியாது. குரல் தெரியும். சளி பிடித்தால் தெரியும், குடித்திருந்தால் தெரியும். பச்சை எரிந்ததும் இணைப்பு தானாக அறுந்துவிடும் என்பதால் பெரும்பாலானவர்கள் ஒரு வார்த்தையோடு போய்விடுவார்கள். மார்கரெட் மட்டும் தந்திரக்காரி. பேச வேண்டியதையெல்லாம் முதலில் பேசிவிட்டு, 'போய்ட்டு வரேன்' என்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வாள்.

"தங்கச்சி, இன்னிக்கு குரலு ஒரு மாரி கீதே. சாப்டியா?"

"சாப்பிட்டேன்க்கா."

"இன்னா சாப்ட?"

"டீ."

"டீ ஒரு சாப்பாடா? ஊரெல்லாம் சோத்து அடுக்கு தூக்கினு போறேன், உனுக்கு ஒண்ணு குடுக்க முடில பாரு. கலெக்டரு மாரி படிச்சுட்டு டீயக் குடிச்சினு கெடக்குது. மதியானம் ஒழுங்கா துன்னு. போய்ட்டு வரேன்."

"பாத்துப் போயிட்டு வாங்கக்கா."

புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்பதும், மகள் ஓசூரில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து பேசுவதில்லை என்பதும், சர்ச்சுக்குப் பின்னால் பச்சைக் கதவு போட்ட வீடு என்பதும் இப்படித் துண்டுதுண்டாக வந்து சேர்ந்தவை. வேலைக்கு வந்த இந்தப் பெரிய நகரத்தில் தில்லைக்கரசியிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிற ஒரே ஆள் மார்கரெட்தான்.

ஒரு நாள் காலை, மார்கரெட் வழக்கமாகப் பேசுகிற நேரத்தில் மணி ஒலித்தது.

"போயிட்டு வரேன் மேடம்."

ஆண்குரல். புதியது. தில்லைக்கரசி வாய் திறந்துவிட்டு ஒரு கணம் நின்றாள். பிறகு பழக்கதோஷத்தில் சொன்னாள். பச்சை எரிந்து, குரல் போய்விட்டது.

மேற்பார்வையாளர் பத்மநாபன் நல்ல மாதிரி. யாரையும் நீ வா போ என்று ஒருமையில் அதட்டமாட்டார். "வேலைய விட்டிருப்பாங்கம்மா. இந்த லைன்ல இது சகஜம்" என்றார்.

"சொல்லாம விட மாட்டாங்க சார் அவங்க."

"நம்ம கிட்ட சொல்லிட்டா விடுவாங்க? நீங்க குரல மட்டும் பாருங்க அரசி. மத்தது நமக்கு வேண்டாம்."

சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து இருக்கை ரஹ்மத்திடம் கேட்டாள். "உனக்குப் புதுக் குரல் வந்தா, பழைய குரல் எங்க போச்சுன்னு கேட்டிருக்கியா?"

"கேட்டேனே. வேலைய விட்டுட்டாங்கன்னு சொன்னாரு."

"இது வரைக்கும் உன்கிட்ட எத்தனை பேர் அப்படி வேலைய விட்டிருக்காங்க?"

ரஹ்மத் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, இரண்டாவது கைக்குப் போனதும் மெல்லுவதை நிறுத்தினாள்.

விடுமுறை நாளில் தில்லைக்கரசி வியாசர்பாடிக்குப் போனாள். சர்ச்சுக்குப் பின்னால் பச்சைக் கதவு பூட்டியிருந்தது. குழாயடியில் இருந்த பெண்தான் சொன்னாள், மேம்பால இறக்கத்தில் விழுந்துவிட்டாள், பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று.

பெண்கள் வார்டில் ஒரு கால் மேலே கட்டித் தொங்க, எண்ணெய் காணாத தலையோடு ஒருத்தி படுத்திருந்தாள். தில்லைக்கரசி அந்த முகத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. கட்டிலருகே போய், "அக்கா" என்றாள்.

குரலைக் கேட்டதும் அந்த முகம் திரும்பியது. கண்ணால் அவளை மேலும் கீழும் அளந்தது. பிறகு, "வந்துட்டேன் கண்ணு" என்றாள் மார்கரெட்.

தில்லைக்கரசி அழுகிற ரகம் இல்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எத்தினி தபா கம்பெனிக்கு போன் போட்டேன் தெரியுமா. அந்தப் பொண்ணு காத்துனு இருக்கும், வந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லணும், லைன் குடுங்கன்னு. வண்டிலேந்து பேசுனாதான் லைன் போவுமாம். வண்டி எங்க கீது? லாரிக்கு அடில கீது. நல்லவேள நான் இந்தாண்ட வுழுந்தேன்."

போகிறவர் போயிட்டு வரேன் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். வந்துவிட்டேன் என்று சொல்வதற்கு யாரும் ஒரு வழி வைக்கவில்லை. முன்சோதி புறப்பாட்டைத்தானே சோதிக்கிறது.

"எப்படிக்கா விழுந்தீங்க?"

"பிரேக்குதான். கட்ட தேஞ்சு ரெண்டு வாரமா கிரீச்சினு கத்தினு இருந்துச்சு. ஷெட்டுல சொன்னேன். வார்டன் பச்ச காட்டுதில்ல, அப்புறம் இன்னா, முறை வரும்போது மாத்துவோம்னு சொல்ட்டான். நானும் பாத்தேன். பிரேக்குக்கு மஞ்சாதான் காட்டும். அப்பறம் உன் குரலு வரும், பச்ச ஆயிடும். சரி, இந்தப் பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் ஏறி ஒக்காந்துப்பேன்."

மார்கரெட் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சும்மாதான் சொன்னாள். தில்லைக்கரசி கல்லூரியில் படித்தது இதைத்தான். ஆறு பாடத்திலும் தனித்தனியாகத் தேற வேண்டும் என்பது ஒரு முறை. மொத்த மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்துத் தேர்ச்சி போடுவது இன்னொரு முறை. இரண்டாவது முறையில், கணக்கில் முட்டை வாங்கியவன்கூடத் தமிழில் நூறு எடுத்துத் தப்பித்துக்கொள்ளலாம்.

அவளுடைய வார்த்தைதான் அந்த நூறு.

மறுநாள் பத்மநாபன் மறைக்கவில்லை. மறைக்கிற விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"மொதல்ல ஒவ்வொண்ணும் தனியா பாஸ் ஆகணும்னுதான் வெச்சிருந்தாங்க. ஏழாவது வந்தப்புறம் அது ஒண்ணுக்கே அவ்ளோ வெயிட் இருக்கறதால, கூட்டிப் பாத்தாப் போதும்னு ஆச்சு. பிரேக் கட்டைய அடிக்கடி மாத்த வேண்டியதில்ல. ஆனா மொத்தத்துல விபத்து குறைஞ்சுதான் இருக்கு அரசி. நீங்க ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிச்ச பொண்ணு. உங்களுக்குத் தெரியாததா?"

"சராசரிக்குக் கால் கிடையாது சார். மார்கரெட் அக்காவுக்கு இருந்துச்சு."

"கோவப்படாதீங்க."

"என் வார்த்தைய எடுத்து பிரேக் கட்டைக்குப் பதிலா வெச்சு ஓட்டியிருக்கீங்க. நான் என்ன ரப்பரா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் மேல ஆள் இருக்காங்கம்மா" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். அவருக்கு மேலே இருந்தவர்களும் அதையே உண்மையாகச் சொல்லியிருப்பார்கள்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் தொடங்கிய பேச்சு, மாலைக்குள் மூன்று மாடிக்கும் பரவியது. வேலைநிறுத்தம் வேண்டாம் என்றாள் ரஹ்மத். நாம் வாயை மூடிக்கொண்டால் வேறு வாயைக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டே செய்ய வேண்டும்.

அடுத்த நாள் காலை முதல் மணி ஒலித்தது.

"போயிட்டு வரேன் மேடம்."

"ஒரு நிமிஷம். வண்டியை விட்டு இறங்குங்க."

"என்னாது?"

"இறங்கி, முன் பிரேக்கை மட்டும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டு வண்டியை முன்னால தள்ளுங்க. நகருதா?"

மறுமுனையில் முணுமுணுப்பு. சரக்கென்று ஒரு சத்தம். "லேசா... நகருது மேடம்."

"பின் பிரேக்?"

"அதுவும் அப்பிடித்தான்."

நம் வீடுகளில் கிளம்புகிற ஆளிடம் எங்கே என்று கேட்டாலே முறைப்பார்கள். அவள் சொல்லப்போவதை அதற்கு முன் எந்த வாசலிலும் யாரும் மனதறிந்து சொல்லியிருக்க மாட்டார்கள்.

"அப்ப போகாதீங்க."

வார்டனுக்கு அந்த வார்த்தை பழக்கமில்லை. அதற்கு மதிப்பெண் எதுவும் போடவில்லை. சிவப்பு எரிந்தது.

அந்தக் கூடம் முழுவதும் அதே பேச்சுத்தான். இறங்குங்க, பிடிங்க, தள்ளுங்க. நகராத வண்டிக்குப் பாத்துப் போயிட்டு வாங்க. நகர்ந்த வண்டிக்குப் போகாதீங்க. வெயில் ஏறுவதற்குள் நகரத்தின் நாரைகளில் பாதி ஒற்றைக்காலில் நின்றுவிட்டன. மதியச் சோறு போகவில்லை. பார்சல் போகவில்லை. தில்லைக்கரசி எல்லாரிடமும் நன்றியை எதிர்பார்த்திருந்தாள் என்றால் அது கிடைக்கவில்லை. ஒருவன் கேட்டான்: "உனுக்கு மாசமானா சம்பளம். எனுக்கு இன்னிக்கு ஓட்டுனாதான். கால் போனா என் காலு போவுது, உனுக்கு இன்னா?" அவன் சொன்னது சரி. அவனுடைய பிரேக் கட்டையும் தேய்ந்திருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தன. "போகாதீங்கண்ணே" என்று மட்டும் திரும்பவும் சொன்னாள், அவன் கெட்ட வார்த்தை சொல்லித் துண்டிக்கும்வரை.

பத்மநாபன் சட்டை முதுகோடு ஒட்ட, நடந்து வந்து சேர்ந்தார். அவரும் தனியாள். அவரும் நாரையில்தான் வருவார். அவருக்குப் பதில் சொல்கிற குரல் யாருடையது என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நீங்களாம்மா அது?" என்று ரஹ்மத்திடம் கேட்டார்.

"உங்க பின் பிரேக்ல கட்டையே இல்ல சார். வெறும் இரும்பு."

அவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். எல்லாரையும் வேலையை விட்டு அனுப்பச் சொல்லி மேலேயிருந்து வந்த உத்தரவைப் படித்துவிட்டு, அனுப்ப முடியாது என்று பதில் எழுதினார். அதற்கு அவருடைய நல்ல மனசு மட்டும் காரணமில்லை. ஓர் ஓட்டுநருக்கு ஒரே குரல் என்பது முன்சோதியே போட்ட விதி. குரலை மாற்றினால் எல்லா வண்டியின் மதிப்பெண்ணும் கீழே விழும், பச்சையே எரியாது. நிறுவனம் எந்த வார்த்தையை ரப்பருக்குப் பதிலாக வைத்ததோ, அந்த வார்த்தையைச் சொல்கிற தொண்டைகளில் இப்போது நிறுவனத்தின் கழுத்து மாட்டிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே நாரையின் பழுதுபார்க்கும் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகப் பிரேக் கட்டைகள் வந்து இறங்கின. தில்லைக்கரசி பழத்தை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் அதைச் சொன்னபோது, மார்கரெட் சிரித்தாள். "போவாதன்னு சொன்னியா? கெளம்புற ஆளப் பாத்தா? நல்லா வாங்கிக் கட்டினு இருப்பியே."

"வாங்கினேன்க்கா."

"ம். ஆரஞ்சு புளிக்குது. நல்லதா பாத்து வாங்கத் தெரியாதா உனுக்கு?"

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் முன்சோதி கற்றுக்கொள்வதை நிறுத்துவதே இல்லை.

கட்டு பிரித்து மார்கரெட் மெல்ல நடக்கத் தொடங்கிய சமயத்தில், பத்மநாபன் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தார். "அரசி, உங்க போராட்டத்த மெஷினே ஏத்துக்கிச்சு. எட்டாவது சோதனை வருது."

'போகாதீங்க' என்று ஒரு முறையாவது கேட்ட ஓட்டுநர்கள் அதற்குப் பிறகு விழவே இல்லை. முன்சோதி கண்டுபிடித்தது இதை. புதுக் கட்டை போட்டதால் விழவில்லை என்பது அதற்குத் தெரியாது. ஏன் என்று ஒன்றுதான் அதற்குக் கிடையாதே. போகாதே என்ற சொல்லும் விழாமல் இருப்பதும் சேர்ந்து வந்தன. ஏழாம் சோதனையைவிட எட்டாம் சோதனைக்கு வலு அதிகம் என்று அது முடிவு செய்தது.

ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காலையும் முதலில் 'போகாதீங்க' என்று சொல்ல வேண்டும். ஒரு மூச்சு விட வேண்டும். பிறகு 'சரி, பாத்துப் போயிட்டு வாங்க' என்று முடிக்க வேண்டும். மையத்தில் எல்லாருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். குரலில் அக்கறை தெரிய வேண்டும் என்றார்கள்.

"பிரேக்கை யார் பாக்கறது சார்?"

"அதான் சொல்ல வந்தேன். இதுக்குக் கிடைக்கற மார்க்குக்கு, கட்டை மாத்தற இடைவெளியை ரெண்டு மடங்கு ஆக்கிக்கலாமாம். இறக்குனதே நெறைய மிச்சம் இருக்கு." சொல்லிக்கொண்டே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். தான் சொன்னதைத் தானே கேட்டது போல இருந்தது அவர் முகம். "நான் மேல எழுதறேன்மா" என்றார்.

எழுதினார். பதில் வரவில்லை. 'போகாதீங்க, சரி பாத்துப் போயிட்டு வாங்க' ஒரே வார்த்தை போல ஆகிவிட்டது. ஓட்டுகிறவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டார்கள். இறங்கித் தள்ளிப் பாருங்கள் என்று தில்லைக்கரசி சொன்னால், "அதான் போகாதன்னு சொல்லிட்டல்ல, அப்பறம் என்ன" என்றார்கள். எல்லாரும் நன்றாகத்தான் ஓட்டினார்கள், புதுக் கட்டை தேயும்வரை.

அப்படி ஒரு காலையில்தான் மணி ஒலித்து, அந்தக் குரல் வந்தது.

"இன்னா தங்கச்சி. கீறியா?"

"அக்கா." தில்லைக்கரசி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஓட்ட ஆரம்பிச்சுட்டீங்களா? டாக்டர் சொன்னாரா?"

"டாக்டரா சோறு போடுவாரு? இன்னிக்குதான் மொத நாளு. பழைய வண்டிய ரிப்பேர் பண்ணிக் குட்த்தான். அடுக்குல சாம்பார் ஆறுது. நீ சாப்டியா?"

"இட்லி சாப்பிட்டேன்."

"அட, முன்னேறிட்டியே. சரி, ஏதோ போவாதன்னு வேற சொல்லணுமாமே இப்ப. சொல்லித் தொலை, டைம் ஆவுது. போய்ட்டு வரேன்."

"அக்கா, பிரேக் கட்டை மாத்திக் குடுத்தானா?"

"ரிம்மு மாத்திக்கீறான், முன்னாடி ஃபோர்க்கு மாத்திக்கீறான். கட்ட பழசுதான். இன்னும் ஓடும்னு சொன்னான்."

"தள்ளிப் பாத்தீங்களா?"

அடுக்குகளின் கயிற்றை இறுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "வுடு. மெதுவாத்தான் போவப் போறேன்" என்றாள் மார்கரெட்.

மேம்பால இறக்கம் தில்லைக்கரசிக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அந்த வழியாகத்தான் பேருந்தில் போனாள். சொல்ல வேண்டிய இரண்டு வாக்கியங்களும் எதிரே திரையில் இருந்தன. அவள் திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"போகாத அக்கா."

ஒரு மூச்சு.

"ம், அடுத்தது சொல்லு" என்றாள் மார்கரெட்.

"அடுத்தது இல்ல. போகாத. நெஜமாத்தான் சொல்றேன். எனக்குன்னு இந்த ஊர்ல..." அவளால் முடிக்க முடியவில்லை.

காதில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. இணைப்பு அறுந்துவிட்டது. அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். பச்சை எரிந்தால் மட்டும் வருகிற சத்தம்.

முன்சோதி அதுவரை கேட்டிருந்த கோடிக்கணக்கான 'போகாதே'க்களில் இவ்வளவு நடுக்கமும் அக்கறையுமாக ஒன்றுகூட இருந்ததில்லை. எட்டாம் சோதனையில் முழு மதிப்பெண் போட்டது. இன்னொரு வாக்கியத்துக்குக் காத்திருக்கத் தேவையே இல்லாத அளவுக்கு மொத்தம் ஏறிவிட்டது. பூட்டைத் திறந்துவிட்டது.

மார்கரெட் மிதிகட்டையில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக உட்கார்ந்திருந்தாள். கைப்பிடிக்கு நடுவில் பச்சை பளிச்சென்று எரிந்தது. பின்னால் அடுக்குகள் சூடாக இருந்தன. சோறு நேரத்துக்குப் போகவில்லை என்றால் முதல் நாளே பேச்சு வாங்க வேண்டும்.

அவள் பச்சை விளக்கைப் பார்த்தாள். "உனுக்கு காது கீதா இல்லியா" என்று வண்டியிடம் கேட்டாள். "அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சி, நீ இன்னா பண்ற?"

இறங்கினாள். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு தள்ளிப் பார்த்தாள். நகர்ந்தது. முக்கில் இருந்த சைக்கிள் கடை அப்போதுதான் திறந்துகொண்டிருந்தது. ஒரு கையால் அடுக்குகளைப் பிடித்தபடி, சரியாகச் சேராத காலை இழுத்து இழுத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

சக்கரம் உருள்வதை முன்சோதி உணர்ந்தது. இருக்கையில் எடை இல்லை. வேகம் நடை வேகம். வண்டி விழவில்லை. ஏன் என்று அது கேட்டுக்கொள்ளவில்லை. மேலே ஆள் இல்லாத வண்டி விழுவதில்லை என்று மட்டும் கற்றுக்கொண்டு, எல்லா வண்டிகளுக்கும் அதைச் சொல்லி அனுப்பியது.